வேல் குத்திய கன்னம், ஊசிக்கு மயங்கிய கை

மொதல்ல காதுல விழுந்தது ஃபேன் ஓடுற சத்தம். அப்புறம் மூக்குல ஸ்பிரிட் வாசம். கண்ணைத் தொறந்து பாத்தா, ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்குற ரூம்ல தரையோட தரையாக் கிடக்கேன். தலைக்கு அடியில எங்க வீட்டுக்காரர் பாண்டியோட துண்டைச் சுருட்டி வச்சிருந்தாங்க. முழங்கைக்கு உள்பக்கம் தடவுன ஸ்பிரிட் இன்னும் காயல. ஊசி தோல்ல படவே இல்லை. பாத்ததுக்கே விழுந்திருக்கேன்.

வாசல் பக்கம் பேச்சு கேட்டுச்சு. என் தம்பி பொண்டாட்டி காளீஸ்வரி எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா ஒவ்வொரு சொல்லும் என் காதுல விழுந்துச்சு.

"அண்ணே, மதினி வருசா வருசம் கன்னத்துல வேல் குத்திக்கிட்டுக் கோயிலைச் சுத்தி வர்றவங்க. அவங்களுக்கு ஊசின்னா பயமாம். குடுக்க மனசு இல்லைன்னா இல்லைன்னு சொல்லிரலாம்ல."

எங்க வீட்டுக்காரர் ஏதாச்சும் சொல்லுவாரு, "அப்படியெல்லாம் பேசாத தாயி"ன்னாவது ஒரு வார்த்தை வரும்னு கண்ணை மூடிக்கிட்டுக் காத்திருந்தேன். மனுசன் வாயே தொறக்கல.

நானும் வீட்டுக்காரரும் நடத்துற மெஸ்ல அடுப்பு பத்தவச்ச கதையைப் போன வாரம் இந்தப் பக்கத்துல படிச்சுட்டு, காடை வறுவலுக்குப் பக்குவம் கேட்டவங்க நெறைய. பக்குவத்துக்கு என்ன, எப்ப வேணா சொல்லலாம். இந்த வாரம் சாப்பாட்டுக் கதை இல்லை. தரையில கிடந்த அன்னைக்கு ஆரம்பிச்சதைச் சொல்லி முடிச்சாத்தான் எனக்கு மத்ததெல்லாம் எழுத வரும்.

அமுக்கிப் பிடிச்சு எடுத்த ரத்தம்

முருகேசன் எனக்கு ஒரே தம்பி. கொட்டாம்பட்டிப் பக்கம் எங்க பொறந்த ஊர்லயே கடலையும் காய்கறியும் போட்டு, வண்டி வச்சு மார்க்கெட்டுக்கு ஏத்திக்கிட்டு நல்லாத்தான் இருந்தான். பிரசரை ஒழுங்காப் பாக்காம விட்டான். கால் வீங்குச்சு, மூஞ்சி வீங்குச்சு, கடைசியில ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொல்லிட்டாங்க. அதுலருந்து டயாலிசிஸ்தான். அதுக்குன்னு கையில ரத்தக்குழாயை இணைச்சு வழி பண்ணியிருந்தாங்க. அந்த வழி அடிக்கடி அடைச்சுக்கிச்சு. மாத்துக் கிட்னி சீக்கிரம் வச்சாத்தான் ஆளு நிப்பாருன்னு டாக்டர் முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு.

எங்க அப்பாவும் அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. காளீஸ்வரிக்கு ரத்த குரூப் சேரல, சுகரும் இருக்கு. மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். கூடப்பொறந்தவன் சாகக் கிடக்கும்போது யோசிக்க என்ன இருக்கு, தாரேன்னு வாய் விட்டுச் சொல்லிட்டேன். சொல்லும்போது இந்த ஊசி நெனப்பே வரல.

மொதத் தடவை ரெண்டு நர்ஸம்மா, எங்க வீட்டுக்காரர், காளீஸ்வரி எல்லாரும் சேந்து கையையும் காலையும் அமுக்கிப் பிடிச்சு ரத்தம் எடுத்தாங்க. நான் மயங்கிக் கிடந்தேன். குரூப் சேந்துருச்சுன்னு எல்லாருக்கும் சந்தோசம். ஆனா அதோட முடியிற வேலையா அது? டெஸ்ட்டு மேல டெஸ்ட்டு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஊசி. ரெண்டாம் தடவைதான் நான் மேல சொன்ன மாதிரி தரையில விழுந்தது.

ஆபரேசன் ஏற்பாட்டையெல்லாம் பாத்துக்கிற பொண்ணு ஒண்ணு அங்க இருந்துச்சு. சின்னப் பொண்ணு, ஆனா பேச்சுல பெரிய மனுசித்தனம். என்னைத் தூக்கி உக்கார வச்சு, ஜூஸ் குடுத்துட்டுச் சொன்னுச்சு. இனிமே இப்படி அமுக்கிப் பிடிச்சு எடுக்க மாட்டோம்மா, குடுக்கிறவங்க மனசாரக் குடுக்கணும், உங்க உடம்பு வேணாம் வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கு, எங்களுக்கே சந்தேகமா இருக்குன்னு. நல்லதுக்குத்தான் சொன்னுச்சு.

அப்ப காளீஸ்வரிக்கு மட்டும் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் சந்தேகம். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து எனக்கு நானே கேட்டுக்கிட்டு வந்தேன். ஏண்டி பேச்சி, உனக்கு நெசமாவே ஊசிதான் பயமா?

கன்னத்துக்கு வலிக்கல

வேல் குத்துற சங்கதியையும் சொல்லிரணும். கல்யாணமாகி ரொம்ப வருசம் எனக்குப் புள்ள இல்லை. எங்க பொறந்த ஊர் மாரியம்மனுக்கு அலகு குத்துறேன்னு வேண்டிக்கிட்டேன். மக பொறந்தா. பொறந்த பிறகும் விட மனசு வரல. வருசா வருசம் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டி, விரதம் இருந்து, கன்னத்துல வேல் குத்தி, கோயிலைச் சுத்தி வருவேன்.

உறுமி மேளத்தை இழுத்து அடிக்க ஆரம்பிச்சாங்கன்னா எனக்கு உள்ளங்காலுலருந்து ஒரு நடுக்கம் ஏறும், சாமி வந்துரும். அம்புட்டுத்தான் தெரியும். பூசாரி திருநீறை அள்ளிக் கன்னத்துல அப்புறது லேசா நெனப்பிருக்கும். வேல் இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வாரது தெரியும், வலி தெரியாது. ரத்தமும் வராது. சாயங்காலம் மஞ்சளைக் குழைச்சுப் பூசிக்கிட்டு மெஸ்ஸுக்கு வந்து மாவாட்டியிருக்கேன்.

இதே நான் பள்ளிக்கூடத்துல தடுப்பூசி போட வந்த அன்னைக்கு, எனக்கு முன்னாடி நின்ன புள்ளைக்குப் போடுறதைப் பாத்துட்டு வரிசையிலேயே சாஞ்சவ. மெஸ்ஸுல கோழி உரிக்கிறேன், ஆட்டுக்குடல் அலசுறேன், ரத்தம் பாத்து எனக்கு ஒண்ணும் ஆனதில்லை. அந்த மெல்லிசுக் கம்பி தோலுக்குக் கிட்ட வந்தா போதும், காது அடைச்சு, கண்ணு இருட்டி, ஆளு காலி.

வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு இது நடிப்பாத்தானே தெரியும். காளீஸ்வரி மேல கோவம் கோவமா வந்துச்சு, ஆனா அவ இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

காஜிமார் தெரு மாடியில

அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுதான் டாக்டர் ஷாஹிதா பேரைச் சொல்லி அனுப்புச்சு. மனநல டாக்டர். காஜிமார் தெருப் பக்கம் வீட்டு மாடியிலேயே பாக்குறாங்க. ஊசிக்குப் பயப்படுறவங்களுக்கு ஹிப்னாஸிஸ் பண்ணிச் சரி பண்ணுவாங்கன்னு சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் பாத்ததெல்லாம் பொருட்காட்சியில மேடை போட்டு ஆள்களைத் தூங்க வச்சு, வெங்காயத்தை ஆப்பிள்னு திங்க வைக்கிற கூத்துதான். நம்மளையும் அப்படி ஆட்டி வச்சா?

அதை விடப் பெரிய பயம் ஒண்ணு இருந்துச்சு. மயக்கத்துல உள்ள இருக்கிறதெல்லாம் வாயில வந்துருமாமே. "தம்பிக்குக் குடுக்க எனக்கு இஷ்டமில்லை"ன்னு வந்துட்டா? எங்க வீட்டுக்காரரும் இதே பயத்துலதான் கூட வந்தாரு போல. உக்காந்ததும் மொதக் கேள்வியே, வீட்டு ரகசியம் எதையும் சொல்லிருவாளாம்மான்னுதான் கேட்டாரு. என்ன பெரிய ரகசியத்தைப் பூட்டி வச்சிருக்காரோ.

டாக்டரம்மா சிரிச்சாங்க. அமைதியான முகம். தலையில முக்காடு, கையில ஒத்தை வளையல். உள்ள யாரோ பிரியாணிக்கு நெய் காய்ச்சுற வாசம் வந்துச்சு, எனக்கு அதுலயே பாதிப் பயம் போச்சு. ஹிப்னாஸிஸ்னா தூக்கம் இல்லைக்கா, நான் பேசுறது எல்லாம் உங்களுக்குக் கேக்கும், புடிக்கலன்னா கண்ணைத் தொறந்து எந்திரிச்சுப் போயிரலாம், சொல்ல விரும்பாத எதையும் உங்க வாயிலருந்து யாரும் புடுங்க முடியாதுன்னாங்க. மனசு ஒரே எடத்துல நிக்கும்போது மத்ததெல்லாம் பின்னால போயிரும், அவ்வளவுதானாம். பஸ்ஸுல யோசனையில உக்காந்து எறங்குற ஸ்டாப்பை விட்டதில்லையான்னு கேட்டாங்க. விட்டிருக்கேன். போன மாசம்தான் நாகமலை புதுக்கோட்டையில எறங்க வேண்டியவ செக்கானூரணியில போயி எறங்குனேன்.

வேல் குத்துறதையும் சொன்னேன். அவங்க கண்ணு விரிஞ்சிருச்சு. அப்ப உங்களுக்கு நான் புதுசாச் சொல்லிக்குடுக்க என்ன இருக்கு, வலியைத் தள்ளி வைக்கிற வழி உங்க உடம்புக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கேன்னாங்க.

எனக்குச் சுள்ளுன்னு ஏறிருச்சு. "அப்ப எங்க சாமி வாரதெல்லாம் பொய்யின்றீங்களா?"

"சாமியைப் பத்தி நான் பேசவே இல்லைக்கா. உங்க கன்னத்தைப் பத்தித்தான் பேசுறேன்" அப்படின்னாங்க. கோவமே படாம சொன்னாங்க.

அன்னைக்கு நாற்காலியில சாஞ்சு உக்கார வச்சு, மூச்சை மெதுவா விடச் சொல்லி, பயமே இல்லாத எடமா ஒண்ணை நெனைக்கச் சொன்னாங்க. நான் கோயில் வாசலைத்தான் நெனைச்சேன். கொஞ்ச நேரத்துல கை கால் எல்லாம் கனத்து, தெருவுல போற வண்டிச் சத்தம் தூரமாப் போச்சு. தூங்கல. நெய் வாசம் கூட வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. கண்ணைத் தொறந்தப்ப ரொம்ப நாள் கழிச்சு நிம்மதியா இருந்துச்சு. இது ஆரம்பம்தான், இன்னும் கொஞ்சம் பழகணும், அதுக்குள்ள ஊசிக்கிட்ட போகாதீங்கன்னு சொல்லி அனுப்புனாங்க.

வீட்டுக்காரர் கண்டுபிடிச்ச வைத்தியம்

எங்க வீட்டுக்காரர் அந்த ரூம்ல ஓரமா உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாருல்ல. அவருக்குப் புரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. கோயிலை நெனைச்சா பயம் போயிருது. அப்ப கோயிலையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா?

முருகேசனுக்கு அந்த வாரம் மறுபடி கையில அடைப்பு. மூச்சு வாங்குதுன்னு படுக்க வச்சிருந்தாங்க. காளீஸ்வரி போன் போட்டு, ஒண்ணும் கேக்காம அழுதா. இனி பழகவெல்லாம் நேரம் இல்லை, இன்னைக்கே போயி ரத்தம் குடுத்துருவோம்னு எங்க வீட்டுக்காரர் கிளப்பிட்டாரு. டாக்டரம்மா சொன்னதை ஞாபகப்படுத்துனேன். நான் எல்லாம் பாத்துக்கிறேன், நீ வான்னாரு.

ரத்தம் எடுக்குற ரூம்ல நாற்காலியில உக்காந்தேன். மூச்சை மெதுவா விட்டேன். கண்ணை மூடினேன். அப்பத்தான் அந்தச் சத்தம் வந்துச்சு. மக கல்யாண வேலைக்குன்னு வாங்குன சின்ன ஸ்பீக்கர் பெட்டியைப் பைக்குள்ள மறைச்சுக் கொண்டாந்திருக்காரு மனுசன். எங்க ஊர்ப் பொங்கல்ல அடிச்ச உறுமியை அப்படியே செல்லுல பதிஞ்சு வச்சிருந்து போட்டு விட்டுட்டாரு.

அதுக்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. மத்தவங்க சொல்லித்தான் தெரியும்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எந்திரிச்சிருக்கேன். கொண்டை அவுந்திருச்சு. ஊசியோட நின்ன நர்ஸம்மா சுவத்தோட சுவரா ஒட்டிக்கிச்சு. வெளியில வரிசையில நின்ன சனம் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கு, ஒரு அம்மா செருப்பைக் கழட்டிட்டு உள்ளயே வந்து, மக வாழ்க்கை எப்ப சரியாகும்னு என்னைக் குறி கேட்டிருக்கு. டயாலிசிஸ் முடிஞ்சு வீல் சேர்ல வந்துக்கிட்டிருந்த முருகேசனும், அவன் பின்னால காளீஸ்வரியும், அந்த வாசல்லதான் நின்னிருக்காங்க.

சாமி வந்த குரல்ல, அவனைப் பாத்துத்தான் சொன்னேனாம்.

"என் மக உடம்புல கை வைக்காதீங்கடா. நான் குடுக்க மாட்டேன்."

யார் சொன்னது?

அன்னைக்கு வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்தான் இதையெல்லாம் எனக்குச் சொன்னாரு. பெட்டியைத் தூக்கிட்டுப் போனதுக்கு மன்னிப்புக் கேட்டாரு. ஆனா சொல்லச் சொல்ல அவர் முகத்துல ஒரு நிம்மதி. அதை மறைக்க அவருக்குத் தெரியல. பொண்டாட்டியைக் கத்திக்குக் குடுக்கணுமேன்னு ராத்தூக்கம் இல்லாமக் கிடந்த மனுசன். மாரியாத்தாவே என்னைத் தன் மகன்னு சொல்லி வேணாம்னதும் அவருக்குப் பாரம் எறங்கிருச்சு.

மறுநாள் முருகேசன் போன் பண்ணான். அக்கா, ஆத்தாவே சொல்லிருச்சு, விடு, நீ உன் குடும்பத்தைப் பாரு, நான் டயாலிசிஸ்லயே காலத்தை ஓட்டிக்கிறேன்னான். "வாயை மூடுடா"ன்னு மட்டும் சொல்லி வச்சுட்டேன்.

ரெண்டு மூணு நாள் கழிச்சு காளீஸ்வரி மெஸ்ஸுக்கே வந்தா. மதியச் சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவுற நேரம். எடுத்த உடனே விசயத்துக்கு வந்தா. கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம் மதினி, வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம், சின்னப் புள்ளைய விட்டு எடுக்கச் சொல்லுவோம், ஆத்தா மனசு மாறியிருந்தா வெள்ளை வரட்டும்னா.

முடியாதுன்னேன். பூ வேணாம், ஒண்ணும் வேணாம்னேன். அவ முகம் கருத்துப் போச்சு. வெள்ளை வந்துருமோன்னு பயமான்னு கேட்டா.

அப்பத்தான் எனக்குள்ள இருந்தது வெடிச்சுச்சு. தரையில கிடந்த அன்னைக்கு நீ பேசுனது எனக்குக் கேட்டுச்சுடின்னேன். அவ அசரல. கையில இருந்த பையை மேசையில வச்சா.

"தெரியும் மதினி. உங்க இமை ஆடுனதைப் பாத்துட்டுத்தான் சொன்னேன். ரோசம் வந்தாவது குடுப்பீங்கன்னு நெனச்சேன். எனக்கு அவரு வேணும், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லிட்டு நிக்காம போயிட்டா. நான் கழுவுன பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கிட்டு நின்னேன். அவ மேல இருந்த கோவம் போகல. ஆனா என் புருசன் அப்படிக் கிடந்தா நானும் யார் இமை ஆடுதுன்னு பாத்துக்கிட்டுத்தான் நிப்பேன். அதுவும் தெரிஞ்சுச்சு.

சாயங்காலமே காஜிமார் தெருவுக்குப் போனேன். தனியாத்தான் போனேன், வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போகல. டாக்டரம்மாவைப் பாத்ததும் கத்தித் தீத்துட்டேன். உங்களாலதான் இம்புட்டும், நல்லா இருந்தவளைக் கெடுத்துட்டீங்கன்னேன். அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மூச்சு வாங்குனதும் தண்ணி குடுத்தாங்க.

நான் கேட்டேன், அன்னைக்கு என் வாயில வந்தது யாரு சொன்னது, ஆத்தாளா, நானா? அது எனக்குத் தெரியாத எடம்க்கா, அதுல நான் கை வைக்க மாட்டேன்னாங்க. ஆனா நாற்காலியில உக்காந்து சொல்றதா இருக்கட்டும், அருள்ல சொல்றதா இருக்கட்டும், கண்ணு மூடியிருக்கும்போது வந்ததுன்றதுக்காக ஒரு பேச்சு உண்மையாயிராது, அந்த நேரத்துல பயமும் பேசும், ஆசையும் பேசும், பக்கத்துல இருக்கிறவங்க எதிர்பாக்கிறது கூட நம்ம வாயில வரும்னாங்க. எனக்கு வீட்டுக்காரர் முகம் ஞாபகத்துக்கு வந்துச்சு.

"அப்ப என்னைத் தூங்க வச்சு உள்ள போயிப் பாருங்க. குடுக்க எனக்கு மனசு இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதைக் கேட்டுக்கிறேன்" அப்படின்னேன். கெஞ்சுனேன்னே சொல்லலாம்.

"அது என்னால முடியாதுக்கா. யாராலயும் முடியாது. ஊசிப் பயத்தைக் குறைக்கலாம், கையை மரக்க வைக்கலாம். முடிவை நீங்கதான் சொல்லணும். அதுவும் முழிச்சிருக்கும்போது."

எனக்குப் பெரிய ஏமாத்தம். வெளியில வந்து தெருவுல கொஞ்ச நேரம் நின்னேன். சாமிகிட்டயும் கேக்க முடியல, பூகிட்டயும் கேக்க முடியல, டாக்டர்கிட்டயும் கேக்க முடியல. அப்புறம் மறுபடி மாடி ஏறிப் போயி, சரி, கையை மட்டும் மரக்க வைக்கச் சொல்லிக் குடுங்கன்னேன்.

மாவுக் குளிர்

ஊசி இல்லாத வெறும் சிரிஞ்சை மேசை மேல வச்சு, உடம்பைத் தளர விடச் சொன்னாங்க. தளர விட்டதும் காது அடைச்சிருச்சு, மயக்கம். டாக்டரம்மா டக்குன்னு காலைத் தூக்கி ஸ்டூல்ல வச்சாங்க. தப்பு என்னோடதுக்கான்னு அவங்களே சொன்னாங்க. எனக்கு ஊசியைப் பாத்தா பிரசர் சரசரன்னு எறங்குதாம். அப்படிப்பட்டவங்க உடம்பைத் தளர விடக் கூடாதாம், தொடையையும் வயித்தையும் இறுக்கிப் பிடிக்கணுமாம். மனசு மட்டும் அமைதியா இருக்கணும், காலு இறுக்கமா இருக்கணும். இது என்னடா கூத்துன்னு நெனச்சேன். ஆனா கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டுக் கொதிக்கிற சாம்பாரைக் கிண்டுனவதானே நானு. ரெண்டையும் சேத்துச் செய்ய முடிஞ்சுச்சு.

இந்தத் தடவை கோயில் வேணாம்னாங்க. ரொம்பக் குளிர்ச்சியா, உங்களுக்கு நல்லாப் பழகுன ஒண்ணைச் சொல்லுங்கன்னாங்க. எனக்கு மாவு நெனப்புதான் வந்துச்சு. ஃப்ரிஜ்ஜுலருந்து எடுத்த இட்லி மாவுல விடியக்காலையில கையை விட்டுக் கலக்குனா, கொஞ்ச நேரத்துல விரல் இருக்கிறதே தெரியாது. அதையே நெனைக்கச் சொன்னாங்க. மணிக்கட்டு வரைக்கும் மாவு. கை மரத்துப் போகுது. அந்த மரத்த கையை எடுத்து இன்னொரு கையோட முழங்கை மடிப்புல வச்சா, அந்த மரப்பு அங்க எறங்குது. மொதல்ல சிரிப்பு வந்துச்சு. பழகப் பழக, அந்த எடத்தைக் கிள்ளிப் பாத்தா கிள்ளுறது தெரிஞ்சுச்சு, ஆனா வேற யாரையோ கிள்ளுற மாதிரி இருந்துச்சு.

மெஸ்ஸுல மதியம் கூட்டம் கலைஞ்சதும் அரிசி மூட்டைக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவேன். எங்க வீட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டுச் சத்தம் போடாம போயிருவாரு. அந்த ஸ்பீக்கர் பெட்டியை எங்க கொண்டு போயி ஒளிச்சாரோ, அதுக்கப்புறம் நான் அதைக் கண்ணால பாக்கல.

கண்ணைத் தொறந்துக்கிட்டே பண்ணப் பழகுனேன். அது முக்கியம்னு பட்டுச்சு எனக்கு.

இதுல ஒரு விசயம் மட்டும் யாருகிட்டயும் சொல்லல. பயம் குறையக் குறைய எனக்கு இன்னொரு கலக்கம் கூடிக்கிட்டே போச்சு. ஊசிக்கு மயங்கி விழுந்துக்கிட்டிருந்த வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. உடம்பு ஒத்துழைக்கல, நான் என்ன பண்ணட்டும்னு இருந்துக்கலாம். இனி அது இல்லை.

தனி ரூம்

அந்த நாற்காலியில மறுபடி போயி உக்காந்தப்ப நர்ஸம்மா வாசலை ஒரு தடவை பாத்துக்கிச்சு, மேளம் எதுவும் வருதான்னு. நான் காலை இறுக்கினேன். கையை மாவுக்குள்ள விட்டேன். ஊசியைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு, ஒரு நேரம் காது அடைக்கப் பாத்துச்சு, தொடையை இன்னும் இறுக்கினேன். குழாய்ல ரத்தம் ஏறுச்சு. கருஞ்சிவப்பு. ஒண்ணு முடிஞ்சு அடுத்த குழாயை மாத்துனாங்க. முடிஞ்சிருச்சும்மான்னு பஞ்சை அழுத்துனப்பத்தான் நான் மூச்சையே விட்டேன்.

முடிஞ்சதும் ஆபரேசன் ஏற்பாடு பாக்குற அந்தச் சின்னப் பொண்ணு என்னை மட்டும் தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போச்சு. கதவைச் சாத்துச்சு. வெளியில பெஞ்சுல முருகேசனும் காளீஸ்வரியும் எங்க வீட்டுக்காரரும் உக்காந்திருந்தாங்க. அவங்களுக்கு இங்க பேசுறது கேக்காதுன்னு மொதல்ல சொன்னுச்சு. அப்புறம் கேட்டுச்சு, உங்களை யாராச்சும் கட்டாயப்படுத்துறாங்களா, உங்களுக்கு இதுல விருப்பமான்னு.

நான் பதில் சொல்றதுக்குள்ள இன்னொண்ணும் சொன்னுச்சு.

"வேணாம்னு தோணுச்சுன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்கம்மா. உங்க உடம்புக்கு ஒத்துக்காதுன்னு டாக்டரே வீட்டுல சொல்லிருவாரு. உங்களை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. உங்க தம்பிக்குக் கூடத் தெரியாது."

எனக்கு வேர்த்துப் போச்சு. ஊசிக்குக் கூட அப்படி வேர்க்கல. இப்படி ஒரு கதவு இருக்கும்னு நான் நெனச்சே பாக்கல. ஒரு வார்த்தை போதும். ஆத்தாளும் வேணாம்னுட்டா, ஆஸ்பத்திரியும் வேணாம்னுரும். எம்மேல பழி இல்லை. வீட்டுக்காரர் நிம்மதியாத் தூங்குவாரு. மக கல்யாணத்துக்கு நான் முழு உடம்போட நிப்பேன். காளீஸ்வரி கூட வந்து, பாவம் மதினி, நீங்க என்ன பண்ணுவீங்கன்னு ஆறுதல் சொல்லுவா.

அந்தப் பொண்ணு அவசரப்படுத்தல. கண்ணை மூடிக்கிட்டா தேவலைன்னு இருந்துச்சு. மூடல.

விருப்பமான்னு கேட்டா விருப்பம் இல்லைம்மான்னேன். அந்தப் பொண்ணு நிமிந்து உக்காந்துச்சு. நல்லா இருக்கிற உடம்பை அறுக்கக் குடுக்க எவளுக்கு விருப்பம் இருக்கும், எனக்குப் பயமா இருக்கு, எந்திரிச்சு வருவனான்னு பயமா இருக்குன்னேன். சொல்லும்போது அழுதேன். அழுது முடிச்சுட்டு மிச்சத்தையும் சொன்னேன். ஆனா அவன் இல்லாத வீட்டுக்கு நான் சாவுத் துட்டி கேக்கப் போக மாட்டேன், என்னால முடியாது, யாரும் கட்டாயப்படுத்தல, தாரேன்னேன். ரெண்டும் என் மனசுதான், நீ ரெண்டையும் கேட்டுக்கன்னேன்.

வெளியில வந்தேன். காளீஸ்வரி எந்திரிச்சு நின்னா, கிட்ட வரல. எங்க வீட்டுக்காரர் என் மூஞ்சியைப் பாத்தாரு, விசயம் புரிஞ்சு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் மெதுவா எந்திரிச்சு வந்து, என் கையில இருந்த பஞ்சை அவரு அழுத்திப் பிடிச்சுக்கிட்டாரு.

முருகேசன் மட்டும் பெஞ்சை விட்டு எந்திரிக்கல. வீங்குன கண்ணோட என்னை அண்ணாந்து பாத்தான். "வேணாம்க்கா. ஆத்தா வேணாம்னு சொல்லிருச்சே"ன்னான்.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். இப்பச் சொல்றது நான்டா" அப்படின்னேன்.